மூணாவது வரிசையில ரெண்டு சீட்டு

ஊரெல்லாம் சுத்திப் பாத்தீங்களாம்மான்னு நீயும் கேக்குற. ஏர்போர்ட்டுல பையச் சோதிச்ச பிள்ளையும் சாடையில அதத்தான் கேட்டுச்சு. எனக்குச் சுத்திப் பாக்க எங்க தாயி நேரம்? நான் அங்க நாடகத்துல நடிச்சேன். சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். ஜெர்மனியில, எண்ணூறு பேரு உக்காருற அரங்கத்துல, ஆறு ஆட்டம். பெல்ட்டப் போட்டுட்டியா? எனக்கு இறுக்குது. உலகத்துல எல்லாருக்கும் ஒரே இடுப்புன்னு நெனச்சுச் செஞ்சிருக்காக. நீயும் மதுரைக்குத்தான? அப்ப பொழுது கெடக்கு, கேளு.

என் பேரு பஞ்சவர்ணம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா முப்பது வருசம் இருந்தேன். எங்க வீட்டுக்காரரு போயி நாலு வருசம் ஆச்சு. ஒரே மகன், சுதாகர். அங்கதான் கம்ப்யூட்டர் வேலை. அவன் பொண்டாட்டி மிருதுளா, அவளுக்கும் அதே வேலை. மூணு மாச விசா எடுத்து, டிக்கெட்டும் எடுத்து, தனியா இருக்காதம்மா, வந்துருன்னான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லும்பாக. எம்மகனுக்கு அதெல்லாம் பொருந்தாது.

ரெண்டு பேருக்கும் வீட்டுலயே ஆபீசு. ஆளுக்கொரு ரூமு. காதுல மாட்டிக்கிட்டு உள்ள போனா மத்தியானம் ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ வெளிய வருவாக. சமையக்கட்டுக்குப் போகணும்னா அவன் ரூமத் தாண்டித்தான் போகணும், கதவு கண்ணாடி. அம்மா, கேமராவுல நீ தெரியுற, குறுக்க வராதன்னான். அது சரிதான? பெரிய பெரிய ஆளுகளோட பேசிக்கிட்டிருக்கான், பின்னால ஒருத்தி சட்டியத் தூக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? நானும் குனிஞ்சு போகப் பழகிட்டேன். சாப்புடுறப்ப ரெண்டு பேரும் போனப் பாத்துக்கிட்டே சாப்புடுவாக. வெஞ்சனம் எப்படியிருக்குன்னு கேட்டா, ம்ம்னு சொல்லுவான். சின்னப் பிள்ளையிலயே அவன் அதிகம் பேச மாட்டான்.

மூணு வாரம் அப்படிப் போச்சு. பகல்ல வீட்டுல சத்தம் போடக் கூடாதுல்ல, நான் பாட்டுக்குக் கோயில் மாதிரி பெரிய கட்டடத்துக்கு எதுக்க ஒரு பெஞ்சுல போயி உக்காந்திருவேன். சேலைக்கு மேல மகனோட பழைய சொட்டரு, காலுல சாக்ஸு, அதுக்கு மேல செருப்பு. அந்தக் கோலத்துல என்னப் பாத்து ஒரு பிள்ளை நின்னு, "அம்மா, நீங்கள் தமிழோ?"ன்னு கேட்டுச்சு தாயி. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. யாழினின்னு பேரு. அவுக அம்மா அப்பா யாழ்ப்பாணம், இது பொறந்தது அங்கயேதான். அந்தக் கட்டடந்தான் நாடக அரங்கம். உள்ள நடிக்கிறவுகளுக்கு உடுப்பு மாட்டி விடுற வேலை. அம்மா, ஒரு நாடகத்துக்கு வயசான அம்மா ஒராள் தேவைப்படுது, பேசவும் வேண்டாம் பாடவும் வேண்டாம், சும்மா இருந்தாப் போதும், வாறீங்களோன்னுச்சு. சம்பளம் கெடையாது, ஆசைக்கு வாறவுகதானாம். வெறும் வாய மெல்லுறவளுக்கு அவல் கெடச்ச கததான்.

சுதாகர்கிட்டச் சொன்னேன். அவனுக்கு என்னா சந்தோசங்குற! அன்னைக்குத்தான் போனக் கீழ வச்சுட்டுப் பேசுனான். எத்தன மணிக்குப் போகணும், எத்தன மணிக்கு விடுவாகன்னு ஒண்ணொண்ணாக் கேட்டான். காலைல பத்துல இருந்து சாயந்தரம் அஞ்சு வரைக்கும்னேன். தெனமுமான்னான். ஆமான்னேன். சூப்பரும்மான்னான். மிருதுளாகூட எந்திருச்சு வந்து என்னக் கட்டிப்பிடிச்சா. அம்மா நடிக்கப் போறாள்னு அம்புட்டுப் பெருமை.

ஓபரான்னு சொல்லுறாக. பேச்சே கெடையாது, கோவம்னாலும் பாட்டு, உப்பு எடுன்னாலும் பாட்டு. அதுவும் நம்ம பாட்டு மாதிரி இல்ல, பல்லுப் பிடுங்குற எடத்துல நிக்கிற மாதிரி இருக்கும். பழகப் பழக நல்லாத்தான் இருந்துச்சு. கத என்னன்னா, நூறு வருசத்துக்கு முந்தி ஒரு ஊமப் படம் எடுத்திருக்காக. கனவு எப்படி வருமோ அதே மாதிரி எடுக்கணும்னு எடுத்த படமாம். அத இப்ப ஒருத்தரு பாட்டாப் போட்டு ஓபரா ஆக்கியிருக்காரு. எதுக்கும் காரணம் கேக்கக் கூடாது, அதான் அந்தப் படத்தோட விசேசம்னு யாழினி சொல்லுச்சு. எனக்கென்ன, முப்பது வருசமா மேல இருந்து வந்த உத்தரவுக்கு நான் காரணமா கேட்டேன்?

ஒரு பெரிய வீடு. சாப்பாட்டு மேசை. அப்பா செத்துப் போயிட்டாரு, அவரு கோட்ட நாற்காலியில மாட்டி வச்சிருக்காக. பன்னெண்டு பேரு சுத்தி உக்காந்து அந்தக் கோட்டுக்குச் சோறு போடுறாக, சூப்பு ஊத்துறாக, நல்லாயிருக்கான்னு பாடுறாக. பக்கத்து நாற்காலியில அம்மா உசுரோட உக்காந்திருக்கா. அவளுக்குத் தட்டு இல்ல. ஒருத்தரு கண்ணுக்கும் அவ தெரிய மாட்டா. வீட்டுக்குள்ள மழை பெய்யும், எல்லாரும் குடையப் பிடிச்சுக்கிட்டுச் சாப்புடுவாக, கோட்டுக்கும் ஒரு குடை பிடிப்பாக. அம்மா நனைவா. கடைசியில வீட்ட வித்துருவாக. சாமான் தூக்குற ஆளுக வந்து மேசை, கட்டிலு, அலமாரியத் தூக்குற மாதிரி அம்மாவையும் நாற்காலியோட தூக்கிட்டுப் போயிருவாக. அம்புட்டுத்தான் கத.

அந்தக் குடும்பத்த நெனச்சு எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. பெத்தவ எதுக்க உக்காந்திருக்கா, பாக்காம எப்படிச் சோறு எறங்கும்? மனுசங்களாடா நீங்கன்னு மேடையிலயே கேக்கணும் போல இருக்கும். கதைன்னாலும் ஒரு நியாயம் வேண்டாமா?

அதச் சொல்லிக் கொடுக்குற இயக்குநருக்கு உவேன்னு பேரு. ரெண்டெழுத்துப் பேருக்கு ஆறரை அடி ஆளு. மொத நாளே ஒரு உத்தரவு போட்டாரு. பாடுறவுக ஒருத்தரும் என்னப் பாக்கக் கூடாது. மேடையில மட்டும் இல்ல தாயி, டீ குடிக்கிற எடத்துல, படியில, உடுப்பு மாத்துற எடத்துல, எங்கயுமே. மேடையில மட்டும் பாக்காதன்னா கண்ணு கேக்காதாம், ஓரக்கண்ணு என் பக்கம் போயிருமாம். அதனால கண்ணப் பழக்கணும்னு ஆறு வாரம். யாழினிக்கும் அதே சட்டந்தான். என் பக்கத்துல நின்னுக்கிட்டு, "அம்மா, அவர் என்ன சொல்லுறார் எண்டால்"னு செவுத்தப் பாத்துப் பேசும். டீ கொண்டாந்து வைக்கிற ஆளு மேசையப் பாத்து வைப்பான். எனக்குன்னுதான் வைக்கிறான்னு தெரியும், எடுத்துக்குவேன்.

இதே நாடகத்தப் போன வருசம் வேற ஊருல போட்டப்ப அம்மாவா நடிக்க ஒரு பொம்பளையக் கூப்பிட்டிருக்காக, மூணாம் நாளு அழுதுக்கிட்டுப் போயிருச்சாம். அடுத்து வந்தவுக பள்ளிக்கூட டீச்சராம், ஒரு வாரத்துல ரத்தக் கொதிப்பு ஏறிருச்சாம். நான் உக்காந்தேன் பாரு, உவே அசந்துட்டாரு. ஒரு நாளு மொகம் வாடல, ஒரு நாளு லீவு கேக்கல. மேசையில தட்டு வரும் போகும், நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன். இத எங்க கத்துக்கிட்டீகன்னு யாழினிய விட்டுக் கேட்டாரு. எங்கயும் கத்துக்கலய்யா, பெறவியிலயே வந்ததுன்னேன். பெருமை இருக்காதா எனக்கு?

பாடுறவுகள்ல மார்லீசுன்னு ஒருத்தி. கதையில எனக்கு மக. அம்பது வயசிருக்கும், நல்ல கட்டுமஸ்தான உடம்பு. கோட்டுக்கு ஊட்டி விடுறது அவதான். அவ என்னப் பாக்காம இருக்குறதுக்கு எம்புட்டுப் பாடுபட்டாங்குற! படியில எதுக்க வந்தா அப்படியே திரும்பி நின்னு செவுத்துல கைய வச்சுக்குவா. நான் தாண்டிப் போனப்பெறகு மூக்க உறிஞ்சுற சத்தம் கேக்கும். சளி போலன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த ஊருக் குளிரு அப்படி.

என்ன மாதிரி ஆளுகளுக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெண்டு சீட்டு சும்மா தருவாக. மூணாவது வரிசை, நடுவுல. மேடையில இருந்து பாத்தா வெளிச்சம் கண்ணக் கூசும், மூணு வரிசைக்கு மேல ஒண்ணும் தெரியாது. மூணாவது மங்கலாத் தெரியும். எனக்கு அது போதும். சுதாகரு வந்து ஒரு தடவ நான் உக்காந்திருக்குறதப் பாக்கணும். வேற ஒண்ணும் ஆசை இல்ல தாயி எனக்கு. அருப்புக்கோட்டையில சாம்பார் வாளியோட நின்ன அம்மா இப்படியும் இருப்பாளான்னு அவன் பாக்கணும். அவுக அப்பாவுக்குத்தான் குடுத்து வைக்கல.

மொத ஆட்டத்துக்கு அவனுக்கு மீட்டிங்கு. ரெண்டு சீட்டும் காலி. ரெண்டாவது ஆட்டத்துக்கு மிருதுளாவுக்குத் தலவலி, காலி. மூணாவதுக்கு என்னமோ சொன்னான், மறந்து போச்சு. நாலாவதுக்கு நான் கேக்கல, அவனாவே வருவான்னு இருந்தேன். அஞ்சாவதுக்கு, அம்மா, கடைசி ஆட்டத்துக்குக் கண்டிப்பா வர்றோம், அது ஞாயித்துக்கெழமை மத்தியானந்தான, ஆபீசும் கெடையாதுன்னான். தேதிய அவனே போனுல குறிச்சுக்கிட்டான். பெறகென்ன, அவனே குறிச்சுக்கிட்டானே.

ஞாயித்துக்கெழமை விடியக்கால எந்திருச்சு ஆட்டுக்கறிக் கொழம்பு வச்சேன். நாடகம் பாக்கப் போற பிள்ளைக வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும்னு, மிளகு தூக்கலா, சோறும் வடிச்சு வச்சுட்டு, பத்து மணிக்கெல்லாம் போயிட்டேன்.

மூணு மணிக்குத் திரை தூக்குனாக. நான் நாற்காலியில உக்காந்து மொத வேலையா மூணாவது வரிசையப் பாத்தேன். ரெண்டு சீட்டுலயும் ஆளு! கண்ணாடி போட்ட ஒருத்தன், பக்கத்துல ஒரு பிள்ளை. மூஞ்சி தெரியல, கண்ணாடி மட்டும் மினுங்குது. எனக்கு நெஞ்சு அடிச்ச அடி இருக்கே, மேசை ஆடிருமோன்னு பயந்துட்டேன். அன்னைக்கு உக்காந்த மாதிரி நான் என்னைக்கும் உக்காரல. மழை வந்துச்சு, நனஞ்சேன். தண்ணி கழுத்து வழியா உள்ள எறங்குது, ஒரு மசிரு அசையல. பாத்துக்கடா ஒங்கம்மாவன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

அடுத்து மார்லீசு ரொட்டியப் பிச்சு வாயில போட்டுக்கிட்டுப் பாடுற எடம். நெசமான ரொட்டிதான். ரெண்டு வரி பாடுனா, மூணாவது வரியில சத்தம் நின்னு போச்சு. பொரையேறிருச்சு தாயி. மூஞ்சி செவந்து கண்ணு பிதுங்குது. மத்த பதினொரு பேரும் அந்த நேரத்துல செலை மாதிரி இருக்கணும்னு உவே கணக்கு, அசையல. சனங்களும் இது நாடகம்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. வாத்தியக்காரவுகளுக்குக் குச்சி ஆட்டுற மனுசன் அந்த எடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்க விடுறாரு.

நான் அசையக் கூடாது. எனக்குத் தெரியும். ஆறு வாரம், ஆறு ஆட்டம், மூணாவது வரிசையில எம்மகன். ஆனா எத்தனப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை இது? கை என் பேச்சக் கேக்கல. எந்திருச்சு போயி அவ உச்சந்தலையில தட்டுனேன். யாரோ நெனக்கிறாக, யாரோ நெனக்கிறாகன்னு சத்தமாவே சொல்லித் தட்டுனேன். மூணாவது தட்டுல அவ முடி கையோட வந்துருச்சு. சவுரின்னு எனக்கு எங்க தெரியும்? உள்ள நரச்ச முடி, குட்டையா, நாலு விரக்கடை கூட இல்ல. நான் விடல, முதுகுல ரெண்டு போட்டேன். ரொட்டி வெளிய வந்து விழுந்துச்சு. கோட்டுக்கு வச்சிருந்த தண்ணிய எடுத்து அவ வாயில ஊத்துனேன்.

மூச்சு வந்ததும் அவ என்னப் பாத்தா. நேராப் பாத்தா. என் கையப் பிடிச்சா பாரு, விடல. அப்படியே என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே மிச்சப் பாட்டு பூராத்தையும் பாடி முடிச்சா. சாமான் தூக்குற ஆளுக வந்து என் நாற்காலியத் தூக்கப் பாக்குறாக, அவ கைய விட்டாத்தான தூக்க? மேசை போச்சு, அலமாரி போச்சு, கோட்டும் போச்சு. நாங்க ரெண்டு பேரும் மட்டும் மேடையில நின்னோம். திரை விழுந்துருச்சு. ஆனா தாயி, அவ பாக்குறது எனக்கு அப்பப் பெருசாத் தெரியல. என் கண்ணு பூரா மூணாவது வரிசையிலதான் இருந்துச்சு.

கைதட்டு நிக்குறதுக்குள்ள நனஞ்ச சேலையோட படியெறங்கி ஓடுனேன். வந்துட்டியாய்யான்னு அந்தக் கண்ணாடிக்காரன் கையப் பிடிச்சேன். நிமுந்து பாத்தா வேற யாரோ. வெள்ளக்காரப் பையன், காலேஜுப் பிள்ளை மாதிரி. வராதவுக சீட்ட வாசல்ல காத்துக் கெடக்குறவுகளுக்குக் குடுத்துருவாகளாம், யாழினி பெறகு சொல்லுச்சு. அந்தப் பையன் எந்திருச்சு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு என்னென்னமோ சொன்னான். அழுதான் கூட. எனக்கு ஒரு சொல்லு புரியல. சரிய்யா, சரிய்யான்னேன்.

யாழினிகிட்டப் போன வாங்கி வீட்டுக்குப் பேசுனேன். சுதாகரு ரொம்ப நேரம் கழிச்சு எடுத்தான். தூக்கக் கலக்கம் தெரியுது கொரலுல. அம்மா, சாரிம்மா, சாப்பிட்டுச் சும்மா சாஞ்சேன், அசந்துட்டேன், எப்படிப் போச்சுன்னான். நல்லாப் போச்சுய்யா, நீ தூங்குன்னேன். அவன் மேல தப்பே இல்ல. வாரம் பூரா ஒழைக்கிற பிள்ளை. நான்தான் அம்புட்டு மிளகு போட்டுக் கறிக் கொழம்பு வச்சுட்டு வந்தேன். அது கண்ணச் சொக்கத்தான செய்யும். என் தப்புதான்.

மேடைக்குப் பின்னாடி போறதுக்குப் பயமா இருந்துச்சு. அவுக ஆறு வாரம் பழக்குனத நான் ஒரு நிமிசத்துல கெடுத்துட்டேன்ல? போனா எல்லாரும் நிக்கிறாக. பன்னெண்டு பேரு, சாமான் தூக்குற ஆளுக, டீ கொண்டாற பையன், உவே. அம்புட்டுப் பேரும் என்னப் பாக்குறாக தாயி. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. யாழினி முன்னால வந்து, "அம்மா, நீங்கள் எவ்வளவு வடிவெண்டு இப்பதான் பாக்கிறன்"னு சொல்லிட்டு ஒரு துண்டால என் தலையத் தொவட்டுச்சு.

தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு உவேகிட்டச் சொல்லச் சொன்னேன். அவரு தலைய ஆட்டிட்டு மெதுவாப் பேசுனாரு. யாழினி என் மூஞ்சியப் பாத்தே சொல்லுச்சு. கண்ணெதுக்க இருக்குற ஒரு மனுசியப் பாக்காம இருக்குறது மாதிரி கஷ்டமான வேலை இல்லையாம். இவுக எல்லாருக்கும் அதப் பழக்குறதுக்கு ஆறு வாரம் ஆச்சாம். அப்பவும் மார்லீசு ரெண்டு தடவ, என்னால முடியல, நான் இந்தப் பாட்டே பாடலன்னு அழுதாளாம். எந்த மனுசனுக்கும் அது முடியாதுன்னு இன்னைக்கு எனக்குப் புரிஞ்சு போச்சு, நீங்கதான் என்ன மன்னிக்கணும் அம்மான்னாராம்.

நான் சிரிச்சுட்டேன். இதுல என்னம்மா கஷ்டம், இதுக்குப் போயி ஆறு வாரமா, எம்மகனெல்லாம் ஒரு நாளு கூடப் பழகாமயேன்னு சொல்ல வந்தேன். சொல்ல வந்தது வாயிலயே நின்னு போச்சு.

உவே என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு, மார்லீசும் பாக்குறா. யாழினி, "மகன் ஒரு நாளும்? சொல்லுங்கோ அம்மா, நான் சொல்லோணும் அவருக்கு"ன்னுச்சு.

ஒண்ணுமில்ல தாயி, எம்மகன் நல்ல பிள்ளைன்னு சொல்லுன்னேன்.

அந்தப் பிள்ளை அத அவுக பாஷையில சொல்லவே இல்ல. என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.